எடுத்துக்கொண்டு போகாத கை

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு மேலாளர் மோகனசுந்தரம் கோகிலவாணியின் இடது தோளில் கையை வைத்தார். போகும்போது அதை எடுத்துக்கொண்டு போகவில்லை.

அது வலது கை. மணிக்கட்டுக்கு மேல் ஒரு சாண் வரை இருந்தது. கட்டியிருந்த கைக்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கோகிலவாணி பம்புசெட் கம்பெனியின் வரைபடப் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை பார்ப்பவள். எதையும் அளந்து பார்க்காமல் நம்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஸ்கேலை எடுத்து அளந்தாள். நீளம் நாற்பத்தொரு சென்டிமீட்டர். பிறகு இழுத்துப் பார்த்தாள். பற்றவைத்தது போல உட்கார்ந்திருந்தது.

அவள் எழுந்து மேலாளரின் அறைக்குப் போனாள். "சார், உங்க கையை எடுத்துக்கோங்க" என்றாள்.

அவர் இடது கையால் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வலது பக்கச் சட்டைக்கை காலியாகத் தொங்கியது. "எந்தக் கைம்மா?" என்றார்.

"தோள்ல இருக்குதுங்களே."

"மக மாதிரி நெனச்சுத் தட்டிக் குடுத்திருப்பேன். அதைப் போயி மனசுல வெச்சுக்கிட்டு."

மனசில் இல்லை, தோளில் இருக்கிறது என்று அவள் சொன்னாள். அவர் காப்பியைக் குடித்து முடித்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பொறியாளர்கள் காலிச் சட்டைக்கையைப் பார்த்தார்கள். பிறகு ஜன்னலைப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் வெகுநேரம் பார்த்தார்கள்.

மாலை நாலு மணிக்கு அந்தக் கை ஒரு விரற்கடை கீழே இறங்கியது.

சுற்றி வளைப்பானேன். கோகிலவாணி பயந்துபோனாள். உடம்பு முழுக்கக் கூசியது. வீட்டுக்குப் போய்க் குளித்தாள். கையும் சேர்ந்து குளித்தது. கணவன் கதிர்வேல் பார்த்துவிட்டு வேலையை விட்டுவிடச் சொன்னான். நான் விட்டாலும் இது விடாது என்றாள். துண்டை எடுத்துக் கொடுத்தான்.

புதன்கிழமை நாலு மணிக்குக் கை இன்னொரு விரற்கடை இறங்கியது. அவள் ஒரு பெரிய தாளை விரித்தாள். தன் உடம்பை அசல் அளவிலேயே வரைந்தாள். முன்பக்கத் தோற்றம், பக்கத் தோற்றம், கை இருக்கும் இடம், அது இறங்கும் திசை. தோளிலிருந்து பன்னிரண்டாவது விரற்கடையில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். கோடு எந்த இடத்தில் விழுந்தது என்பதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. படத்தைப் பார்த்தாலே தெரியும். இன்னும் பத்து வேலை நாள் இருந்தது.

வியாழக்கிழமை அவள் பணியாளர் பிரிவுக்குப் போனாள். அங்கே சேவியர் என்பவர் இருந்தார். நல்ல மனிதர். யாரையும் உட்காரச் சொல்வார், யாருக்கும் எதுவும் செய்ய மாட்டார். புகாரைப் படித்தார். படத்தைத் தலைகீழாகவும் பார்த்தார். தோள் இருப்பதற்கான சான்றிதழ் வேண்டும் என்றார்.

அவள் கம்பெனி மருத்துவரிடம் போனாள். அவர் எண்ணிப் பார்த்து, 'தோள் இரண்டு, கை மூன்று' என்று எழுதி முத்திரை குத்தினார். மூன்று கை உள்ளவர்களுக்கு நம் விதிமுறையில் இடம் இல்லையே என்று சேவியர் வருத்தப்பட்டார். ஆனால் முத்திரை இருந்ததால் வாங்கி வைத்துக்கொண்டார்.

"இதுக்கு ஒரு எண் போட்டுட்டா கை தானா எடுக்க வந்துரும். எண்ணை விசாரணைக் குழுதான் போடோணும்" என்றார்.

"எப்பங்க?"

"வர்ற திங்கக்கெழமைக்கு அடுத்த திங்கக்கெழமை. மூணு மணிக்கு."

அவள் மனசுக்குள் எண்ணினாள். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் அது பன்னிரண்டாவது வேலை நாள். நாலு மணிக்குக் கை சிவப்புக் கோட்டைத் தொடும். நடுவில் ஒரு மணி நேரம் இருந்தது.

திரும்பி வந்தபோது அவளுடைய மேசை வரைபடப் பிரிவில் இல்லை. வராந்தாவில் இருந்தது. மறுநாள் வராந்தாவின் கோடியில் இருந்தது. அதற்கு மறுநாள் வராந்தாவுக்கு இன்னொரு கோடி முளைத்திருந்தது. மேசை அங்கே போயிருந்தது. அவள் மேசையைத் தேடி நடக்கும் நேரத்தைத் தாமதம் என்று குறித்துக்கொண்டார்கள். தினமும் கூடச் சாப்பிடுகிறவர்கள், அவ்வளவு தூரம் வர முடியாது என்று சொல்லியனுப்பினார்கள்.

அந்தக் கம்பெனியில் எல்லாக் கதவுக்கும் கைரேகை இயந்திரம் உண்டு. கட்டைவிரலை வைத்தால்தான் உள்ளேயும் போகலாம், வெளியேயும் வரலாம். வெள்ளிக்கிழமை காலையில் கோகிலவாணி விரலை வைத்தபோது, "அப்படி யாரும் இல்லை" என்றது. மூன்று முறை வைத்தாள். மூன்று முறையும் அதையே சொன்னது. மூன்றாவது முறை குனிந்தபோது தோளில் இருந்த கையின் கட்டைவிரல் இயந்திரத்தில் பட்டது.

"வணக்கம் மோகனசுந்தரம். உங்கள் வருகை பதிவானது."

கதவு திறந்தது. பின்னாலிருந்து மோகனசுந்தரம் அவளை உரசிக்கொண்டு முதலில் உள்ளே போனார். எட்டரை மணியிலிருந்து அவளுக்காகத்தான் அங்கே காத்து நின்றிருந்தார். கை இல்லாமல் அவரால் எந்தக் கதவையும் திறக்க முடியாது. மாலையிலும் காத்திருந்தார். அதன்பின் ஒவ்வொரு நாளும் அப்படித்தான். பதிவேட்டில் அவர் ஒரு நாள் தவறாமல் வந்திருந்தார். அவள் ஒரு நாள்கூட வரவில்லை.

இரண்டாவது செவ்வாய்க்கிழமை ஒரு குறிப்பாணை வந்தது. மேலாளரின் கையை அனுமதியின்றி வைத்துக்கொண்டிருப்பதால் அவரால் வரைபடங்களில் கையொப்பமிட முடியவில்லை, உற்பத்தி தடைபடுகிறது, ஏன் உங்களைப் பணிநீக்கம் செய்யக் கூடாது என்று கேட்டிருந்தது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டாள். எழுதும்போது ஒட்டியிருந்த கை அவளைத் தட்டிக் கொடுத்தது. அந்த நிமிடம் அவளுக்குக் கொலைவெறி வந்தது.

வெள்ளிக்கிழமை பத்தாவது விரற்கடையும் இறங்கியது. வராந்தா இப்போது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. அவ்வளவு தூரத்தையும் கூட்டிக்கொண்டு துப்புரவு வேலை பார்க்கும் பழனாத்தாள் வந்து சேர்ந்தாள். கைரேகை இயந்திரங்களைத் துடைப்பதும் அவள்தான். விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள். அங்கே ஒரு கை இருந்தது. வெயிலில் காய்ந்த வற்றலைப் போல இருந்தது.

"பதனோரு வருசமாச்சு கண்ணு" என்றாள். "தோள்லதான் வெச்சான். எறங்கி எறங்கி இங்க வந்து நின்னுபோச்சு. அவனுக்கு எட்டாம் நாளே புதுசு மொளச்சுருச்சு. எப்பவும் மொளச்சுரும்."

"இப்ப மொளைக்கலீங்களே."

"நீ எழுதிக் குடுத்துட்டயல்லொ. அதான்."

எப்பவும் என்றால் என்ன அர்த்தம் என்று கோகிலவாணி கேட்டாள். பழனாத்தாள் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு திரும்பக் கூட்ட ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு விசாரணை தொடங்கியது. குழுவின் தலைவி வத்சலா மேடம். கணக்குப் பிரிவில் பெரிய அதிகாரி. ஏ.சி. குளிருக்காக எந்நேரமும் சால்வை போர்த்தியிருப்பார். இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். மோகனசுந்தரம் எதிரே வசதியாக உட்கார்ந்திருந்தார்.

"கை வெச்சப்ப நீங்க எதுக்கு உக்காந்திருந்தீங்க?" என்று வத்சலா மேடம் கேட்டார்.

"வேலை செய்யறதுக்குங்க மேடம்."

"நின்னிருக்கலாமே."

உறுப்பினர்கள் 'நிற்கவில்லை' என்று எழுதிக்கொண்டார்கள். உடனே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். உடனே சொன்னேன் என்றாள். அவ்வளவு அவசரம் ஏன் என்று கேட்டார்கள். கடிகாரத்தில் மூன்று இருபத்தைந்து. அவள் எழுந்து கதவுப் பக்கம் போய், அந்தக் கையின் கட்டைவிரல் இயந்திரத்தில் படும்படி சாய்ந்தாள்.

"வணக்கம் மோகனசுந்தரம்" என்றது இயந்திரம்.

"அது பழுதுங்க" என்றார் மோகனசுந்தரம். "அதுக்கு இந்தம்மாவையே அடையாளம் தெரியறதில்ல."

உறுப்பினர்கள் 'பழுது' என்று எழுதினார்கள். மூன்று நாற்பது. இதற்கு மேல் காட்டக் கோகிலவாணியிடம் எதுவும் இல்லை.

அப்போது கதவுக்கு வெளியே இருந்த இயந்திரம் பேசியது. "வணக்கம் மோகனசுந்தரம்."

எல்லோரும் மோகனசுந்தரத்தைப் பார்த்தார்கள். அவர் உள்ளேதான் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்து பழனாத்தாள் வந்தாள். துண்டு இடுப்பில் இல்லை. கூட்டுவதற்கு இது நேரம் இல்லை என்று ஓர் உறுப்பினர் சொன்னார். தெரியும் என்று சொல்லிவிட்டு அவள் சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

"வணக்கம் மோகனசுந்தரம்."

கேன்டீனில் தோசை சுடுகிறவள் வந்தாள். கை அவள் முதுகில் இருந்தது.

"வணக்கம் மோகனசுந்தரம்."

ஸ்டோர் பிரிவின் குமாஸ்தா வந்தாள். போன வருடம் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப்போன பயிற்சிப் பெண், இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். கோகிலவாணி வாசல் வழியாக எட்டிப் பார்த்தாள். வராந்தா முழுக்க வரிசை நின்றது. அவளைத் தள்ளி வைப்பதற்காக நீட்டிக்கொண்டே போன வராந்தா அந்த வரிசைக்குச் சரியாகப் போதுமானதாக இருந்தது. உள்ளே மோகனசுந்தரத்துக்கு வணக்கம் மேல் வணக்கமாக வந்துகொண்டிருந்தது. அவர் எதற்கும் பதில் வணக்கம் சொல்லவில்லை.

மூன்று ஐம்பத்தாறுக்கு வத்சலா மேடம் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து கதவுக்குப் போனார். அங்கே நின்று சால்வையை எடுத்தார். அவருடைய பிடரியில் ஒரு கை இருந்தது. கட்டியிருந்த பழைய காலக் கடிகாரம் என்றைக்கோ நின்றுபோயிருந்தது. அவர் இயந்திரத்துக்கு முதுகைக் காட்டித் தலையைச் சாய்த்தார்.

"வணக்கம் மோகனசுந்தரம்."

இரண்டு உறுப்பினர்களும் எழுதுவதை நிறுத்தினார்கள். வத்சலா மேடம் திரும்பி வந்து புகார்ப் பதிவேட்டைத் திறந்தார். முதல் பக்கமே வெறுமையாக இருந்தது. மூன்று ஐம்பத்தொன்பது. கோகிலவாணியின் தோளிலிருந்து இறங்கிய கை அடுத்த விரற்கடைக்கு ஆட்காட்டி விரலைத் தூக்கியது.

"எண் ஒண்ணு" என்று சொல்லி எழுதினார். "கோகிலவாணி."

கோகிலவாணி அந்த ஆட்காட்டி விரலைப் பிடித்தாள். பிறகு நடுவிரல். பிறகு மற்றவை. ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. கையை மேசை மேல் வைத்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். மணி நாலு அடித்தது, எதுவும் இறங்கவில்லை.

மற்றவர்களும் அவரவருடையதை எடுத்து வைத்தார்கள். எல்லாம் வலது கை. மேசையில் இடம் போதாமல் சிலது நாற்காலிக்கு வந்தது.

"உங்களுதை எடுத்துக்கிட்டு நீங்க போலாம்" என்றார் வத்சலா மேடம்.

"இதுல எதுவும் என்னுது இல்ல" என்றார் மோகனசுந்தரம்.

"சரி. அப்படியே எழுதிக்கறேன்."

அவர் எழுந்து கதவுக்குப் போனார். இடது கட்டைவிரலை வைத்தார். "அப்படி யாரும் இல்லை" என்றது இயந்திரம். அவர் திரும்பி மேசையைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். மறுபடி மேசையைப் பார்த்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

கோகிலவாணிக்கு மேசையைத் திரும்பக் கொண்டுவரும் வேலை இருந்தது. அவரைத் தள்ளி நிற்கச் சொன்னாள். நின்றார். அவள் தன் கட்டைவிரலைப் புடவையில் துடைத்துவிட்டு இயந்திரத்தில் வைத்தாள். இயந்திரம் வெகுநேரம் யோசித்தது.

"வணக்கம் கோகிலவாணி" என்றது. "ஒன்பது நாள் தாமதம். காரணம் எழுதவும்."

அடியிலிருந்து ஒரு சீட்டு வந்தது. அதில் காரணம் என்பதற்கு ஒற்றைக் கோடு மட்டும் போட்டிருந்தது. அவள் சீட்டைச் சுவரில் வைத்து எழுதத் தொடங்கினாள். கோடு முடிகிற இடத்தில் அது இன்னும் கொஞ்சம் நீண்டது. அவள் எழுதினாள். அது நீண்டது. பின்னால் நின்ற பழனாத்தாள் உறுப்பினரிடம் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.