நல்லா இருக்கோம்

என் மாமனாருக்கு மரியாதை அதிகம். எங்கள் வீட்டின் பெரிய செலவே அதுதான்.

ஆயுசில் பாதியை ஒரு பெரிய ஹோட்டலில் லிஃப்ட் இயக்கியே கழித்தவர். யார் ஏறினாலும் சிரிக்க வேண்டும், யார் நலம் விசாரித்தாலும் "நல்லா இருக்கேன் சார்" என்று சொல்ல வேண்டும். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு நின்ற நாளிலும் அப்படித்தான் சொன்னாராம். ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் அந்த லிஃப்டை விட்டு இன்னும் இறங்கவில்லை.

இப்போது அவருக்கு நுரையீரல் பழுது. ராத்திரி ஆக்சிஜன் மெஷினின் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டுதான் தூங்க வேண்டும். "ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது" என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். வீட்டில் யாரிடம் சொன்னால் காரியம் நடக்கும் என்று டாக்டர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. மெஷின் முழங்கால் உயரம், சக்கரம் வைத்தது. கரண்டை மடமடவென்று குடிக்கும். என் கணவருக்குப் பெயிண்ட் கடையில் வேலை நேரத்தைப் பாதியாக்கிவிட்டார்கள். நான் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறேன். விலைவாசி ஏறியபோது கரண்டும் சேர்ந்து ஏறியது. இனியும் பாக்கி வைத்தால் இணைப்பைத் துண்டிப்போம் என்று செய்தி வந்தது.

அப்போதுதான் நகராட்சி ஓர் உதவி அறிவித்தது. மருத்துவ மெஷின் ஓடும் வீடுகளுக்குக் கரண்ட் கட்டணத்தில் பெரும்பகுதியை அவர்களே கட்டுவார்கள். ஆனால் ஆள் வந்து பார்க்க வேண்டும். திங்கட்கிழமை வருகிறோம் என்றார்கள். சம்பளத்தை விட்டு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஈ காக்கை வரவில்லை. மறுநாள் நான் வேலைக்குப் போன பிறகு வந்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், கூடத்தில் எல்லா விளக்கும் எரிகிறது. பக்கத்து வீட்டு நாற்காலிகள் இரண்டு கிடக்கின்றன. மாமா முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"நகராட்சியில இருந்து வந்தாரும்மா. தங்கமான பையன். டீ போட்டுக் குடுத்தேன்."

"மெஷினைப் பார்த்தாரா மாமா?"

"வர்றவங்க கண்ணுல படற மாதிரியா வெப்பாங்க? மூடி வெச்சேன்."

மூலையில் பார்த்தேன். மெஷின்மேல் பூப்போட்ட போர்வை, அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சாடி, பக்கத்தில் காலி டீ டம்ளர். வந்த மகராசன் மெஷின்மேலேயே டீயை வைத்துக் குடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

"என்ன கேட்டாரு?"

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டாரு. நல்லா இருக்கோம்னு சொன்னேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பூச்சாடியைத் தூக்கிப் போட்டிருப்பேன். அதையும் பிறகு நான்தானே பெருக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரமே பதில் வந்தது: சிரமம் ஏதும் காணப்படவில்லை.

நகராட்சிக்குப் போய் ஒவ்வொரு ஜன்னலாக நின்றேன். இந்த ஜன்னல் இல்லை அந்த ஜன்னல், அந்த ஜன்னல் இல்லை மாடி. மாடியில் நான் போட்ட சத்தத்தில் மறுபடி வர ஒப்புக்கொண்டார்கள். அன்றிலிருந்து மாமாவுக்குக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொடுத்தேன். எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, கஷ்டமா இருக்குன்னு சொல்லணும். தலையை ஆட்டுவார், ஆட்டும்போதே கண் செருகிவிடும். கொஞ்ச நாளாகப் பகலெல்லாம் இப்படித்தான் உட்கார்ந்தபடி தூங்கி விழுகிறார். வயசு என்று நினைத்தேன்.

அந்த நாளும் வந்தது. லீவு போட்டிருந்தேன். மெஷினை நடுக்கூடத்தில் நிறுத்தி வைத்திருந்தேன். மணி அடித்ததும் நானே கதவைத் திறந்தேன். கையில் டேப்லெட்டோடு ஓர் இளைஞன்.

"வணக்கம்க்கா. எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கோம், வாங்க வாங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. அவன் விரல் டேப்லெட்டில் ஒரு டிக் போட்டது. என் நாக்கில் இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்க்க வேண்டும்.

"ஐயோ, அது சும்மா வாய் வார்த்தைக்குச் சொன்னது தம்பி! அதை அழிங்க!"

டிக் தம்பி அழிக்கவில்லை. மெஷினைப் பார்த்தான். போன முறை டீ வைத்த இடம் இதுதானோ என்பதுபோல் ஒரு கணம் யோசித்தான். பிறகு டேப்லெட்டைத் தடவினான்.

"மெஷின் இருக்கு, சரி. ஆனா ஓடற மாதிரி தெரியலையேக்கா. ரெண்டு மாசமா உங்க யூனிட் ரொம்பக் கம்மி."

"என்ன பேசறீங்க? தினம் ராத்திரி என் கையாலதான் போட்டுவிடறேன்!"

"ஓடினா இவ்வளவு கம்மியா வராதுக்கா."

"நீங்க ராத்திரி வந்து பார்த்தீங்களா?"

"அவரைத் திட்டாதம்மா," என்றார் மாமா. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீங்க தூங்கினதும் நான்தான் நிறுத்திடுவேன்."

பகல் தூக்கத்துக்குக் காரணம் வயசு இல்லை. அவர் உதடு கறுத்துக்கொண்டு வந்ததை நானும்தான் பார்த்தேன், பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன். அவரை உலுக்க வேண்டும்போல இருந்தது, கட்டிக்கொண்டு அழவும் வேண்டும்போல இருந்தது. இரண்டையும் செய்யாமல் அந்தப் பையன் பக்கம் திரும்பினேன்.

"கேட்டீங்க இல்ல? கரண்ட் பில்லுக்குப் பயந்து மூச்சை நிறுத்தியிருக்காரு. எழுதுங்க."

அவனுக்கும் சங்கடம்தான். கழுத்தைச் சொறிந்தான். "மீட்டர்ல காட்டினாத்தான்க்கா சிஸ்டம் ஏத்துக்கும். ரெண்டு மாசம் நிறுத்தாம ஓட்டுங்க. யூனிட் ஏறட்டும், அப்புறம் வர்றேன்."

"ஏறின பில்லை யாரு கட்டறது?"

"அதுக்குத்தானே உதவி."

"உதவி எப்ப வரும்?"

"யூனிட் ஏறினப்புறம்."

"அதுவரைக்கும்?"

அவன் டேப்லெட்டை மூடினான். மெல்லக் கிளம்பினான். வாசல்வரை போனவன், எல்லா வீட்டிலும் கேட்கிற பழக்கத்தில் திரும்பிக் கேட்டான். "சரிங்கய்யா, வேற ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முதுகு நிமிர்ந்தது, சட்டை நுனியைக் கை தானாக இழுத்துவிட்டது. லிஃப்ட் கதவு திறந்துவிட்டது, தொலைந்தோம் என்று நினைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை.

"இருக்கு தம்பி," என்றார். மூச்சு வாங்கியது. "உக்காருங்க. சொல்றேன்."

நான் போய்க் கதவைத் தாழிட்டேன். இந்த முறை டீ போடவில்லை.