மூன்றாவது தடவை

எங்கள் வீட்டைப் பார்க்க எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். பாலைவனத்தில் பஸ்ஸில் வெந்து வந்து இறங்கி, மண் சுவரைத் தடவிப் பார்த்துக் கண் கலங்குகிறார்கள். அந்தச் சுவருக்குள் சமைக்கிறவள் நான். கூரையிலிருந்து உதிரும் மண்ணையும் சேர்த்துத்தான் சமைக்கிறேன். அண்ணாந்து படம் பிடிக்கிறார்களே ஒரு காற்றுக்கோபுரம், அதன் வழியாகக் காற்று எப்போதாவது வரும், புறா எச்சம் தினமும் வரும். சமையலறை முற்றத்துக்குக் கீழே நிலவறையில் இருக்கிறது. எனக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. இப்படியே ஏறி இறங்கினால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். யஸ்த் நகரத்தில் மகள் மர்ஜியே வீட்டுப் பக்கமாக, லிஃப்ட் வைத்த ஒரு ஃபிளாட். நான் கேட்டது அவ்வளவுதான்.

கேட்டு என்ன? புராதன வீடு என்று அரசாங்கம் பதிவு செய்துவிட்டது. இடிக்கக் கூடாது, மாற்றிக் கட்டக் கூடாது. அப்படிப்பட்ட வீட்டை எந்த மடையன் வாங்குவான்? தானாக விழுந்தால் மட்டும் மனையை விற்றுவிட்டுக் கிளம்பலாம். லாரி ஓட்டி ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரர் யதோல்லா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மதியம் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும்போது, தண்ணீர்க் குழாயை இழுத்துவந்து சுவரின் காலடியில் போட்டுவிடுவார். மண் சுவர் எத்தனை நாள் தாங்கிவிடும்?

வசந்தம் முழுக்கத் தாங்கியது. கொடுத்த தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டுக் குத்துக்கல்லாட்டம் நின்றது. மண்ணும் வைக்கோலும் நனைந்த வாசனைதான் தெருவெல்லாம் கிளம்பியது. பயணிகளுக்கு அது போதாதா? சுவரில் மூக்கை வைத்தவர்களை நகர்த்த முடியவில்லை. வாசனை அடங்குவதற்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று வழிகாட்டிகள் பஸ்ஸை விரட்டினார்கள்.

சேதி புராதன வீடுகளைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு எட்டி, ஒருநாள் இஞ்சினியர் ஸாகரி வந்து நின்றான். தெஹ்ரானில் வளர்ந்த சின்னப் பையன். ஈரச் சுவரை விரலால் தொட்டு முகர்ந்தான். யதோல்லாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பேச்சை மாற்ற, டீ குடிக்கிறீர்களா என்று கேட்டுவைத்தேன். சரி என்று உடனே உட்கார்ந்துவிட்டான். எங்களுக்குள் யாரும் அப்படிச் செய்வதில்லை. எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை வேண்டாம் என்போம். மூன்றாவது தடவை வற்புறுத்தினால் வாங்கிக்கொள்வோம். அதுதான் மரியாதை. இவன் வேறு ரகம் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

நாங்கள் கைக்காசு போட்டுப் புது மண் பூசுகிறோம் என்று அவன் நினைத்திருந்தான். புகழ்ந்து தள்ளினான். பிறகு விஷயத்துக்கு வந்தான்.

"ஐயா, இந்த வீட்டை எங்ககிட்ட குடுத்துடுங்க. பத்திரமா பாத்துக்குறோம். பதிலுக்கு யஸ்துல ஒரு ஃபிளாட் தர்றோம். லிஃப்ட் இருக்கு."

என் காதில் தேன் பாய்ந்தது. யதோல்லா மரியாதைக்கு நெஞ்சில் கைவைத்தார்.

"என்ன பேச்சுங்க இது, இஞ்சினியர்? இந்த வீடே உங்களுதுதான். எங்களுக்கு எதுக்கு ஃபிளாட்டெல்லாம்?"

அழகாகச் சொன்னார். முதல் தடவை அப்படித்தான் சொல்ல வேண்டும். இஞ்சினியர் என் பக்கம் திரும்பினான்.

"நீங்க சொல்லுங்கம்மா. நடக்கவே கஷ்டப்படுறீங்க. ஃபிளாட்டுக்குப் போயிடுறீங்களா?"

இது இரண்டாவது.

"முழங்கால் கிடக்குது தம்பி. இந்த மண்ணை விட்டுட்டு நாங்க எங்க போறது?" என்றேன்.

சொல்லிவிட்டு மூன்றாவதுக்குக் காத்திருந்தேன். யதோல்லா சர்க்கரைக்கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, டீயைக் குடிக்காமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கேளேண்டா பாவி, இன்னும் ஒரே ஒரு தடவை கேளேன் என்று மனசு அடித்துக்கொண்டது. இஞ்சினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

ஷூ மாட்டும்போதாவது கேட்பான் என்று, வலியைப் பொறுத்துக்கொண்டு வாசல்வரை கூடவே போனேன். நிதானமாகக் கயிறு கட்டி முடித்து நிமிர்ந்தான்.

"கவலைப்படாதீங்கம்மா. இனி ஒருத்தரும் ஃபிளாட்டு கிளாட்டுன்னு உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க. கடைசிவரைக்கும் நீங்க இங்கதான் இருப்பீங்க. அதுக்கு நான் பொறுப்பு."

"உங்க நிழல் எங்க தலைமேல குறையாம இருக்கணும், இஞ்சினியர்" என்று வாழ்த்தினேன்.

அவன் தெருமுனை திரும்பும்வரை இரண்டு பேரும் நெஞ்சில் கைவைத்தபடி நின்றோம்.