எதிரில் நின்று பார்த்த கொடி

கொடி வந்த அன்று லிஃப்ட் மெக்கானிக் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினார். நகக்கண்ணில் இருந்த கிரீஸ் போன பிறகுதான் உறையைப் பிரித்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய துணித்துண்டு, அதில் நாட்டுக்கொடி. வாலிபால் நடுவர் சங்கத்தில் இரண்டாம் நடுவருக்கு வெறும் சட்டைதான். வலையோரம் உயரமான மேடையில் ஏறி நிற்கும் முதல் நடுவருக்கு மட்டுமே சட்டைக் கையில் கொடி; ஒருமுறை கிடைத்துவிட்டால் பிறகு கீழே நின்றாலும் அது போகாது. அதற்காக அவர் கீழே இரண்டாம் நடுவராகவே ஒன்பது வருஷம் காத்திருந்தார். வாயைத் திறந்து ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஐந்து வருஷத்தில் கிடைத்திருக்கும் என்பது அவர் மனைவியின் கட்சி.

இத்தனை காலமும் அவருக்கு எதிரே மேடையில் நின்றவர் ஒரு பேக்கரிக்காரர். இப்போது அவர் முழங்கால் ஏணிப்படி என்றாலே முரண்டு பிடித்தது. "நான் கீழே நிக்கிறேன், அவர் மேல ஏறட்டும்" என்று அவராகவே சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். மெக்கானிக்குக்கு மேடையில் அதுதான் முதல் ஆட்டம்.

உறைக்குள் ஒரு சுற்றறிக்கையும் இருந்தது. சட்டையின் நிறம், பெல்ட்டின் அகலம், ஷூ லேஸ், கொடி தைக்கும் இடம் என்று இரண்டு பக்கம். மெக்கானிக் அதை மடிப்புக் கலையாமல் அலமாரியில் வைத்தார். புது லிஃப்ட்டோடு வரும் கையேட்டையே பிரித்துப் பார்க்காத மனிதர் அவர். பார்த்தாலே வேலை புரிந்துவிடும் என்கிற பெருமை.

மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பொடி ஸ்க்ரூவெல்லாம் மாட்டிப் பழகிய கை. நான் தைத்துத் தருகிறேன் என்றாள். அவர் கொடுக்கவில்லை. முழு மாலையும் நாக்கைக் கடித்துக்கொண்டு, இரட்டை நூலில், நான்கு பக்கமும் நெருக்கி நெருக்கித் தைத்தார்.

"சரியான கையிலதான் தைக்கிறீங்களா?" என்றாள் அவள்.

"ஒன்பது வருஷமா எதிர்ல நின்னு அவரைப் பாத்துக்கிட்டிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

இதற்குமேல் பேசினால் வம்பு என்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஞாயிறு காலை, ஆட்ட அரங்கின் நடுவர் அறையில் ஸ்கேல் அக்கா உட்கார்ந்திருந்தாள். வங்கியில் வேலை, சங்கத்தில் சீருடைப் பொறுப்பு. கைப்பையில் எப்போதும் ஆறு அங்குல ஸ்கேல் இருக்கும். ஆட்டக்காரர்களுக்கு நடுவர்களைக் கண்டால் பயம், நடுவர்களுக்கு அக்காவைக் கண்டால் பயம். டாஸ் போடுவதற்குள் அவள் தலையசைக்காவிட்டால் யாராக இருந்தாலும் களத்தில் இறங்க முடியாது. போன வருஷம் செயலாளரையே காலுறை நிறத்துக்காகத் திருப்பி அனுப்பியவள்.

மெக்கானிக் விறைப்பாக நின்றார். அக்காவின் கண் ஷூவிலிருந்து மெல்ல மேலே ஏறி, வலது கையில் நின்றது.

"கொடி இடது கையில இருக்கணும்."

அவர் சிரித்தார். அக்காவே தடுமாறுகிறாளே என்று உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட. எதிரில் நின்ற பேக்கரிக்காரரைக் காட்டி, "அவருக்கும் இந்தப் பக்கந்தானே இருக்கு?" என்று தன் வலது தோளைத் தட்டினார்.

அக்கா எழுந்து போய்ப் பேக்கரிக்காரரின் தோளைப் பிடித்து, மெக்கானிக்குக்குப் பக்கத்தில், அவர் பார்த்த திசையையே பார்க்கும்படி நிறுத்தினாள். பேக்கரிக்காரரின் கொடி சட்டென்று இடது கைக்குப் போய்விட்டது.

மெக்கானிக் தன் கொடியையும் அவர் கொடியையும் மாறிமாறிப் பார்த்தார். ஒன்பது வருஷத்தில் ஒரு ஆட்டத்தில்கூட அவர் அந்த மனிதருக்குப் பக்கத்தில் நின்றதில்லை. வலையின் அந்த முனையில் அவர், இந்த முனையில் இவர். புள்ளி எடுத்த அணியின் பக்கம் முதலில் அவர் கை தூக்குவார், பிறகு இவர்; அவர் வலது கையைத் தூக்கினால் இவர் இடது கை, அவர் இடது என்றால் இவர் வலது. இரண்டு கையும் ஒரே அணியைக் காட்ட வேண்டுமே. அப்படியே பழகிய உடம்பு கொடியையும் அப்படியே தைத்துவிட்டது.

"டாஸுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு" என்றாள் அக்கா. "சட்டையைக் கழட்டுங்க."

மேடை போய்விட்டது என்று அவர் முடிவுகட்டினார். பேக்கரிக்காரர் பாவம், அந்தக் காலோடு ஏற வேண்டியதுதான். பொத்தான்களைக் கழற்றினார். பனியனோடு நின்று சட்டையை நீட்டினார். அக்கா அதை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, கைப்பையைத் துழாவி ஸ்கேலை வெளியே வைத்தாள். பிறகு சின்னக் கத்தரிக்கோல், ஊசி, நூல்கண்டு எல்லாம் வந்தன.

"அவர் கடிதம் வந்ததும் சங்கத்துல உங்களுக்காகப் பேசினதே நான்தான். யாராவது போய் இவர் வீட்டம்மாவைக் கூப்பிடுங்க" என்றாள்.

பார்வையாளர் பெஞ்சிலிருந்து மனைவி ஓடிவந்தாள். விஷயம் கேட்டாள். 'நான் அன்றைக்கே கேட்டேனே' என்கிற வார்த்தை உதடுவரை வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அதை விழுங்கிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள். அதற்காகவே அவளுக்குக் கோயில் கட்டலாம் என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது.

நூல் லேசில் வருவதாயில்லை. "லிஃப்ட் கம்பின்னு நினைச்சுத் தைச்சீங்களாய்யா?" என்றார் சட்டையை இழுத்துப் பிடித்திருந்த பேக்கரிக்காரர். மனைவி ஒவ்வொரு தையலாக அறுத்தாள். அக்கா இடது கையில் தோள் தையலிலிருந்து இரண்டு அங்குலம் அளந்து, ஊசி போட ஆரம்பித்தாள். தைத்தவர் மட்டும் எதையும் தொடக்கூடாது என்று மூலையில் உட்கார வைக்கப்பட்டார். டாஸுக்குக் கூப்பிட வந்த இரண்டு அணித்தலைவர்களும் பனியனோடு உட்கார்ந்திருந்த முதல் நடுவரைப் பார்த்துவிட்டு, மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அக்கா நூலைக் கடித்து அறுத்தாள். கடைசியாக ஒருமுறை ஸ்கேலை வைத்துப் பார்த்துத் தலையசைத்தாள். வலது கையில் வரிசையாக ஊசித் துளைகள் தெரிந்தன. அதற்குச் சுற்றறிக்கையில் எந்த விதியும் இல்லை என்றாள்.

மெக்கானிக் மேடை ஏறினார். அரங்கம் முழுக்கத் தெரிந்தது. வலையின் மேல்விளிம்பை அவர் மேலேயிருந்து பார்ப்பது இதுவே முதல்முறை. விசில் ஊதினார். சர்வீஸ் பறந்தது, பந்து நாலைந்து தடவை போய்வந்து, வலப்பக்க அணியின் தரையில் விழுந்தது. மறுபடி ஊதினார்.

ஊதிவிட்டு, வழக்கம்போல எதிரில் இருந்த பேக்கரிக்காரரின் கையைப் பார்த்தார்.

பேக்கரிக்காரர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, கீழேயிருந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நொடி போயிற்று. இரண்டு அணிகளும் அண்ணாந்து பார்த்தன. முதலில் யார் கை தூக்க வேண்டும் என்பது அப்போதுதான் மெக்கானிக்குக்கு உறைத்தது.

இடது கையைத் தூக்கினார், கொடி இருந்த கையை. கீழே பேக்கரிக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வலது கையைத் தூக்கினார்.