முதல் ‘மா’வின் பூர்வீகம்

மொழியியல் பேராசிரியர் மூன்று வருடமாக ஒரே சொல்லைக் கட்டிக்கொண்டு மாரடித்தார். லத்தீனில் மாத்தேர், பாரசீகத்தில் மாதர், ஜெர்மனில் முட்டர், சமஸ்கிருதத்தில் மாதா. எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று தலையணை கனத்தில் புத்தகமே எழுதியாயிற்று. கடைசி அத்தியாயம்தான் பாக்கி: அந்த முதல் ‘மா’ எங்கிருந்து வந்தது?

அதற்காகத் தன் எட்டு மாதக் குழந்தையின் தொட்டிலருகே ரெக்கார்டரோடு காலையிலிருந்து தவம் கிடந்தார். பதினொரு மணிக்குக் குழந்தை, மேசைமேல் இருந்த பால் புட்டியைப் பார்த்துக் கைநீட்டி, “ம்மா... ம்மா” என்று வீறிட்டது.

பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி மனைவியிடம் கத்தினார்: “கேட்டியா? அது உன்னைக் கூப்பிடல, பாலைக் கூப்பிடுது! அம்மாங்க எல்லாரும் ஆயிரக்கணக்கான வருஷமா ஏமாந்திருக்கீங்க!”

மனைவி ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி வந்தாள். அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்த புட்டியை எடுத்துக் குழந்தையின் வாயில் வைத்தாள். வீடு அமைதியானது.

“பாலைத்தான் கூப்பிட்டுச்சு, ஒத்துக்கறேன். ஓடி வந்தது யாரோ, பேரு அவங்களுக்குத்தானே ஒட்டும்? இத்தனை ஆயிரம் வருஷமும் நீங்க பக்கத்துலயேதான உக்காந்திருந்தீங்க!”