ஊதாக் கோடு

கதிரவன் உச்சியில் எரிய, புகைபோக்கிகள் மூன்றும் கரும்புகை கக்க, பாத்திரங்களின் உட்புறத்தில் வெள்ளீயம் பூசும் பெரும்பட்டறை இரைந்துகொண்டிருந்த நண்பகலில், அதன் கோடியில் கறுப்புத் திரையிட்ட சிற்றறைக்குள், உலோகம் சோதிக்கும் பெண்ணொருத்தி நின்றிருந்தாள். அறிவுடையீர், அவள் கையிலிருந்தது ஆறு திங்களுக்கு முன் தூயதென்று தானே ஒப்பமிட்ட வெள்ளீயக்கட்டியின் எச்சம். அந்த வெள்ளீயம் பூசிய பாத்திரத்தில்தான் அவள் தங்கை தன் குழந்தைக்கு நாள்தோறும் கஞ்சி காய்ச்சினாள். ஓடித்திரிந்த குழந்தை இன்று கால்கள் துவண்டு மருத்துவமனையில் கிடந்தது. குருதியில் காரீய நஞ்சு என்றார் மருத்துவர்.

கரிக்கோல்கள் இரண்டின் நடுவே உலோகத் துண்டை வைத்து மின்பொறி பறக்கவிட்டால் அது ஆவியாகி ஒளிரும். அணுவினுள் எலக்ட்ரான் எனும் எதிர்மின்னி அலையாகவும் இருப்பதால், அச்சிறு சிறைக்குள் பொருந்தும் அலைகளே நிலைக்கும். ஆகவே ஏணியில் ஏறுபவன் படிகளில் மட்டும் கால்வைப்பதுபோல், அது குறித்த ஆற்றல்நிலைகளில் மட்டுமே நிற்கும். மேல்நிலையிலிருந்து கீழே விழுகையில் இடைவெளியின் அளவே ஒளியாகப் புறப்படும். படிகள் தனிமத்துக்குத் தனிமம் வேறாதலால் நிறங்களும் வேறு. அவ்வொளியை முப்பட்டகத்தால் பிரித்தால் அந்நிறங்கள் தனித்தனிக் கோடுகளாய் நிற்கும்; காரீயத்துக்கு ஓர் ஊதாக் கோடு உண்டு.

அக்கோட்டை அவள் ஒப்பமிட்ட அன்றே கண்டாள். அதற்கு முன் சோதித்தது காரீயத் துண்டு. கரிக்கோலை மாற்றி, வெறும்பொறி பார்த்த பின்னரே அடுத்ததை வைக்கவேண்டும் என்பது அவ்வறையின் ஒழுங்கு. வேலை முடியும் மணி அடித்துவிட்டது. கோலில் படிந்த பழைய ஒட்டுதான் என்று தன்னையே தேற்றிக்கொண்டு, கோலை மாற்றாமலே ஒப்பமிட்டாள். ஐயோ, அந்த அவசரம்!

இன்று புதுக்கோல் பூட்டினாள். வெறும்பொறியில் ஊதா இல்லை. பழைய ஒட்டாகவே இருந்திருக்கட்டும் என்று மனம் கெஞ்ச, கையிலிருந்த எச்சத்தின் துண்டை வைத்தாள். கோடு நின்றது. மூன்று முறை கோல் மாற்றியும் அங்கேயே நின்றது.

வெளியே தங்கை காத்திருந்தாள்.

"அக்கா, ஒண்ணும் இல்லைன்னு சொல்லு. நீ பார்த்து அனுப்பினதுன்னுதானே நம்பி வாங்கினேன்."

"இருக்குடி. அன்னைக்கே கண்ணுல பட்டுச்சு. பழைய ஒட்டுன்னு விட்டுட்டேன்."

"பார்த்துட்டுமா விட்ட?"

தங்கை, அக்காள் நீட்டிய கையைத் தொடாமல், மருத்துவமனை நோக்கித் தனியே நடந்தாள். உண்மை உரைத்தல் பேரறமே. ஆயினும் அக்காள் உரைத்த உண்மையால் அக்குழந்தையின் கால்விரல் ஒன்றுகூட அசையவில்லை.