பெருவிரல் சங்கம்

வரவுக் கொப்பியைப் புரட்டப் புரட்ட ஆதிலாவுக்குக் காது சூடேறியது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பதினாறு பேர், பதினெட்டுப் பேர் என்று பக்கம் நிறைந்து கிடந்தது. எல்லாப் பெயருக்கும் நேரே ஒரே புள்ளி: ஐந்து-ஒன்பது. குரல் தெளிவுக்கு ஐந்து, அலையின் பலத்துக்கு ஒன்பது. அதற்கு மேல் கொடுக்க ஒன்றுமில்லை.

“சேர், தனஞ்சயன் அண்ணன் போன மாசம் நாலு சனியும் வந்ததெண்டு கிடக்கு. அவர் கொழும்பிலதானே நிண்டவர்?”

கொட்டியாரம் வானொலிச் சங்கத்தின் தலைவர் குணரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நிண்டவர்தான். ஆனா வட்சப்பில பெருவிரல் போட்டவர், பிள்ளை.”

“பெருவிரலுக்கும் ஐந்து-ஒன்பதா?”

“அது ஒரு மரியாதை. மனிசரைக் குறைச்சுப் போடக் கூடாது.”

பட்டதாரிப் பயிலுனராக ஆறு மாதம் குச்சவெளியில் இருந்துவிட்டு, போன வாரம்தான் அவள் கிண்ணியாவுக்குத் திரும்பியிருந்தாள். குச்சவெளியில் தங்கிய அறைக்கு ரிப்பீட்டர் எட்டாது. கையில் பிடிக்கிற சின்ன வானொலியின் குரல் நாலு தெரு தாண்டாது. அதை வாங்கி, உரத்து, குடாவுக்கு அப்பாலும் அனுப்புகிற பெட்டிதான் ரிப்பீட்டர். மலைமேல் தண்ணீர்த்தாங்கியின் உச்சியில் சங்கம் அதைப் பொருத்தி வைத்திருந்தது.

போன நவம்பர் வெள்ளத்தில் மூன்று நாள் தொலைபேசி செத்துக் கிடந்தது. மூதூர்ப் பள்ளிக்கூடமொன்றில் நூற்றுச்சொச்சம் பேரோடு அகப்பட்டிருந்த அவளுடைய அக்கா, நிப்லா லாத்தாவுக்கு அங்கேயே பிரசவ வலி எடுத்தது. அந்தச் செய்தி இந்தப் பெட்டி வழியாகத்தான் வந்தது. ஆதிலாதான் வாங்கிக் கடத்தினாள். படகு போனது. பிள்ளை இப்போது தவழ்கிறது. பிறகு சங்கம் விழா எடுத்து, எல்லாருக்கும் பொன்னாடை போர்த்தியது; எல்லாரும் வீட்டுக்குப் போய் வானொலியை அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

இப்போது தாங்கிக்காரர்களிடமிருந்து கடிதம். பாவனையில் இல்லாத கருவியை அகற்றவேண்டும்; அந்த இடத்தைத் தொலைபேசிக் கம்பனி கேட்கிறது. பாவனையில் உண்டென்றால் சனிக்கிழமை நாலு மணிக்குத் தங்கள் அலுவலர் வந்து ஒரு மணித்தியாலம் கேட்பார். தலைவரையும் அலுவலரோடு கூட இருப்பவரையும் விட்டுப் பத்து நிலையமாவது, அதாவது பத்து வானொலிக்காரராவது, பேசவேண்டும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை பெட்டி கீழே இறங்கும். அடுத்த மழைக்கு மூதூரிலிருந்து யார் கூப்பிட்டாலும் கேட்க ஆளிராது.

அந்தக் கிழமை முழுக்க ஆதிலா கந்தோர் விட்டதும் கடைகடையாக, வீடுவீடாக ஏறினாள். டவுணில் மின்சாமான் கடை வைத்திருக்கும் தனஞ்சயனின் மேசைக்குக் கீழே வானொலி முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தது.

“கேட்டுக்கொண்டுதானே இருக்கிறம், தங்கச்சி.”

“கேட்டா எப்பிடி அண்ணன் அவருக்குத் தெரியும்? வாயத் திறக்கணும்.”

“என்னத்தைக் கதைக்கச் சொல்லுறீங்க? சாப்பிட்டாச்சோ எண்டு கேக்கவோ?”

“அதையாவது கேளுங்களேன்!”

“சரி சரி, வாறன். குறூப்பில போட்டு விடுங்கோ, ஞாபகமாயிருக்கும்.”

போட்டாள். பதினெட்டுப் பெருவிரல் விழுந்தது.

சனிக்கிழமை நாலு மணிக்குத் தாங்கியடி அறையில் அலுவலர் றுமைஸ் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் அமர்ந்து கடதாசியில் கோடு கிழித்தார். மெலிந்த, கதை குறைந்த மனிதர். ஆதிலா வானொலியின் சத்தத்தைக் கூட்டினாள். குணரத்தினம் தன் வீட்டிலிருந்து வானொலியில் வரவெடுக்கத் தொடங்கினார்.

“தனஞ்சயன், டவுண். உள்ளீர்களா?”

இரைச்சல். குரல் ஒன்றும் வராததால் பெட்டி ‘டிக்’ என்று தன்னை மூடிக்கொண்டது.

“நன்றி தனஞ்சயன். ஐந்து-ஒன்பது. லாபிர், கிண்ணியா. உள்ளீர்களா?”

இரைச்சல்.

“நன்றி லாபிர். நல்ல பலமான அலை. ஐந்து-ஒன்பது.”

றுமைஸ் பேனையைத் தூக்கினார். “இவர் ஆரோட கதைக்கிறார்?”

ஆதிலா குறூப்பைத் திறந்தாள்; பெருவிரல்கள் விழுந்துகொண்டிருந்தன. ஒருகையில் தொலைபேசியை வைத்து, விழுகிற பெருவிரல்களைப் பார்த்துப் பார்த்து, ஆறு மாதப் பழக்கத்தில் குணரத்தினம் வெறுங்காற்றுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்! பரிசோதனை நாளிலும் அவருக்கு அது உறைக்கவில்லை. பதினெட்டுப் பெயரும் முடிந்தன. பதினெட்டு நன்றி. ஒரு குரல் இல்லை.

“நான் கேட்டது பூச்சியம், தங்கச்சி,” என்றார் றுமைஸ். குரலில் கோபமில்லை. அதுதான் அவளை இன்னும் எரித்தது. “நேரம் நாலு இருவத்தஞ்சு.”

அவள் மைக்கைப் பறித்தெடுத்தாள்.

“இது ஆதிலா, தண்ணித்தாங்கியில இருந்து. எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கிறீங்க, எனக்குத் தெரியும். என்ன, வாயில கொழுக்கட்டையா? வெள்ளத்துக்குள்ள உம்மா எங்க, பிள்ளை எங்க எண்டு இதுலதானே கத்தினீங்க? அப்ப இருந்த வாய் இப்ப எங்க? பேரைச் சொல்ல ஒருத்தருக்கும் ஏலாதா? ஏலாட்டி அந்த ரேடியோக்களைக் கொண்டுபோய் மீன்வாடியில குடுங்க, ஐஸ் பெட்டிக்குப் பாரமா வைக்கட்டும். குணரத்தினம் சேர், காத்துக்கு நன்றி சொன்னது காணும். நீங்க எழுதுற வரவு பொய் வரவு!”

விட்டாள். மைக்கின் பொத்தான் ‘டக்’கென்று எழும்பியது.

பத்து விநாடி ஆகவில்லை.

“இது லாபிர், கிண்ணியா. ஆதிலா, வாயப் பாத்துக் கதை. வாப்பாட பேரைக் கெடுக்காத.”

றுமைஸ் ஒரு கோடு போட்டார்.

“தனஞ்சயன், டவுண். தங்கச்சி, நான் வர இருந்தனான். கடையில ஆக்கள். அதுக்கு இப்பிடியோ ஏசுறது?”

இரண்டாவது கோடு.

“நல்லம்மா ரீச்சர், அன்புவழிபுரம். இருவத்தொரு வருசமா உரிமம் வச்சிருக்கிறன். இப்பிடி ஒரு கதை இந்த அலைவரிசையில கேட்டதில்லை. படிச்ச பிள்ளைக்கு இது அழகில்லை.”

அதன் பிறகு ஒருவர் பின் ஒருவராக நுழைந்தார்கள். சிலவேளை இருவர் ஒன்றாக அமுக்கி, ஒரே கீச்சொலியாகியது. ஏசுவதற்கும் முதலில் தன் அடையாளத்தையும் இடத்தையும் சொல்லவேண்டும், அது விதி. விதியை ஒருவரும் மீறவில்லை. மூதூர் வயலிலிருந்து ஒரு கமக்காரர் மட்டும், “பிள்ளை சொன்னதில என்ன பிழை?” என்று கேட்டார். அவரையும் மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். ஏழு கோடு.

எட்டாவது டவுணிலிருந்து அஸ்ஹான், இரும்புக்கடைக்காரர். “மீன் கூடை சுமந்தவன்ட மகளுக்கு ஒரு பட்டம் கிடைச்சா இப்பிடித்தான். ஊருக்கே புத்தி சொல்ல வந்திரும்.”

ஆதிலாவின் கை மைக்குக்குப் பாய்ந்தது. வாப்பாவின் தோளில் மீன் கூடைக் காவுதடி பதிந்த தழும்பு இருக்கிறது. அந்தத் தோள்தான் அவளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. இவன் வெள்ளத்தில் கடையைப் பூட்டிக்கொண்டு மேல்மாடியில் படுத்துக் கிடந்தவன்.

“பொறுங்க,” என்றார் றுமைஸ், கடதாசியைப் பார்த்தபடி. “நீங்க மறிச்சா மத்தவங்க வர மாட்டாங்க. இன்னும் ரெண்டு வேணும்.”

பல்லைக் கடித்தாள். ஒன்பதாவது கோடும் விழுந்தது. பிறகு அலை அடங்கியது. எல்லாருக்கும் ஏசித் தீர்ந்துவிட்டதுபோல இருந்தது. சுவர் மணிக்கூட்டில் நாலு ஐம்பத்தாறு.

ஒரு குரல். இன்னும் ஒரே ஒரு குரல்.

யாரைக் கிளப்பலாம் என்று அவளுக்குத் தெரிந்தது. அது அழகில்லை என்பதும் தெரிந்தது. ஆனாலும் மைக்கை அமுக்கினாள்.

“ஆதிலா, தண்ணித்தாங்கி. ஏசின எல்லாருக்கும் சந்தோசம். ஆனா தலைவர் பொய் வரவு எழுதினார் எண்டு நான் சொன்னதை ஒருத்தரும் மறுக்கல்ல. ஆறு மாசம் பொய். அவர்ட வீட்டு ஆக்களும் மறுக்கல்ல.”

“இது தர்சிகா!” குணரத்தினத்தின் மகள், தனக்கென்று உரிமம் உள்ளவள்; குரல் உடைந்து வந்தது. “தர்சிகா, உவர்மலை. வெக்கமில்லையா உங்களுக்கு? அந்தப் பெட்டி பழுதாகினா அறுவது படி ஏறுறது எங்கட அப்பா. ஆள் குறைஞ்சு போச்செண்டு தெரிஞ்சா மிச்சப் பேரும் விட்டிடுவினம் எண்டுதான் அப்பிடி எழுதினவர். பிழைதான். அதுக்கு ஊர் கேக்க இப்பிடியோ?”

றுமைஸ் பத்தாவது கோட்டைப் போட்டு, கீழே கையெழுத்து வைத்தார். “ஒரு வருசத்துக்குப் பெட்டி இருக்கும்.” எழும்பினார். வாசலில் நின்று, “என்ன கதைக்கோணும் எண்டு சட்டத்தில இல்லைத்தானே?” என்றுவிட்டுப் படி இறங்கினார்.

ஆதிலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தர்சிகா சொன்னது தைத்தது. ஆனால் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க அவள் ஆயத்தமில்லை. பொய் எழுதியாவது காப்பாற்ற ஒருவருக்கு மனமிருந்ததே, உண்மையாக ஒரு நிமிடம் பேச மற்றப் பதினெட்டுப் பேருக்கும் மனமிருக்கவில்லையே!

கடைசியில் குணரத்தினத்தின் குரல் வந்தது. களைத்திருந்தது.

“ஆதிலா, வாற சனி நாலு மணிக்குச் சங்கம் உன்னை விசாரிக்கும். நூலக மண்டபத்துக்கு வா.”

“வர மாட்டன் சேர். இதுலயே விசாரிங்க. ஒவ்வொருத்தரா, பேரச் சொல்லி, வாயால. நானும் வாயால மறுமொழி சொல்லுவன். உங்களிட்ட மன்னிப்புக் கேக்க இருந்தா அதையும் இதுலயே கேப்பன்.”



“சரி,” என்றார் குணரத்தினம். “எல்லாரும் ஆயத்தமா வாங்கோ.”

“இது அஸ்ஹான், டவுண். ஏன் வாற சனி வரைக்கும் நிக்கோணும்? இப்பவே ரெண்டு கதை கேக்க இருக்கு.”

“இது நல்லம்மா. அஸ்ஹான், முதல் நீர் அந்தக் கூடைக் கதைக்கு மன்னிப்புக் கேளும்.”

“நான் என்னத்துக்கு ரீச்சர்?”

ஆதிலா சின்ன வானொலியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு மலையிறங்கினாள். கிண்ணியா பஸ்சில் பக்கத்துச் சீட்டுப் பெண் என்ன சத்தம் என்று திரும்பிப் பார்த்தாள். பைக்குள்ளே இன்னும் ஆதிலாவைத்தான் கிழித்துக்கொண்டிருந்தார்கள். பேனையை எடுத்து, அடுத்த சனி மறுமொழி சொல்லவென்று டிக்கட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொருவர் சொன்னதையும் குறித்துக்கொண்டே போனாள். அஸ்ஹானுக்கு மட்டும் இடம் கூடுதலாக விட்டாள்.