ஆண் தேளைத் தேடிய நாள்

1

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்: இந்தக் கதைக்கான கூலியை நான் ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டேன். மலக்குலா தீவின் கரையில் எங்கள் ஊர் மசிங்குக்கு ஓடம் குடையப் போன ஒன்பது பேரில் நானும் ஒருவன்.

‘பொன்னிறக் காலையில் கடல் மெல்ல…’ (அடித்துவிட்டேன். அன்று தூறல்.)

2

மசிங்கின் மனைவி லெரோசி கோபித்துக்கொண்டு எதிர்த்தீவில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போய் மூன்று மாதம். சொந்த ஓடத்தில் வந்து கூப்பிட்டால்தான் அனுப்புவேன் என்று மாமனார் சொல்லிவிட்டார்.

வேலைக்கு ஆள் கூப்பிட்டவன் கூலியாக லாப்லாப் விருந்து போட வேண்டும். கிழங்குத் துருவலையும் பன்றிக்கறியையும் இலையில் பொதிந்து சுடுகல்லில் புதைப்பார்கள். குழியைத் திறந்ததும் மரம் செதுக்கும் வாச்சியைக் கீழே வைத்துவிடுவோம். மிச்ச வேலைக்கு இன்னொரு நாள், இன்னொரு பன்றி. மசிங்கிடம் இருந்தது ஒரே பன்றி.

3

ஓடத்துக்கு வெட்டிப்போட்ட மரத்தில் பட்டை உரித்துக்கொண்டிருந்த மசிங் நின்றுவிட்டான். பட்டைக்கடியில் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத தட்டைத் தேள், முதுகு நிறைய வெள்ளைக் குஞ்சுகள். விறகு பிளக்கும்போது தினம் பார்ப்பதுதான். கொட்டினாலும் எறும்புக் கடி மாதிரிதான் இருக்கும். அவனுக்கு அன்றைக்கென்று ஒரு கேள்வி வந்தது: இதற்கு ஆண் எங்கே?

“மாமனார் வீட்டுல பொண்டாட்டியத் தேடிக்கிட்டு இருப்பாரு, மச்சான்,” என்றான் அவன் தங்கை புருஷன் ரென்சன்.

சிரித்தோம். அடுத்த பட்டையிலும் தாய். அதற்கடுத்ததிலும்.

(இந்த இடத்தில் மசிங்கை நானே நம்பவில்லை. பெண்டாட்டி திரும்ப வேண்டும் என்கிறவன் தேள் பார்த்துக்கொண்டு உட்காருவானா? ஆனால் வாச்சியைப் போட்டுவிட்டுக் குனிந்தவர்களில் நான் இரண்டாவது ஆள். சந்தேகப்பட எனக்கு வாயில்லை.)

உரித்த பட்டை தீர்ந்ததும் பக்கத்தில் கிடந்த பழைய மரங்களுக்குப் போனோம். குஞ்சு சுமந்தவை பதினேழு. வயிறு புடைத்தவை ஐந்து. ஆண் என்று சொல்ல ஒன்றில்லை. அதற்குள் பெண்கள் குழியைத் திறந்துவிட்டார்கள். வாசனை வந்தது. தின்றோம். உரித்த மரம் அப்படியே கிடந்தது, ஒரு வெட்டுகூட விழாமல்.

4

முடிவு ஒன்று: மாமனார் மனம் இளகினார். (பொய். அவரை எனக்குத் தெரியும்.)

முடிவு இரண்டு: மசிங் நீந்தியே… (நீரோட்டம் விடாது.)

நடந்தது வேறு. எதிர்த்தீவில் ஓடை இல்லாததால் எங்கள் கரைக்குத் தண்ணீர் பிடிக்க அன்றாடம் வருகிற லெரோசி அன்றும் வந்தாள், அப்பாவின் ஓடத்தில். இறங்காமலே கேட்டாள்.

“முடிஞ்சுதா?”

“இல்ல.”

“ஒம்போது பேரு காலையிலேருந்து என்னதான் பண்ணீங்க?”

மசிங் மறைக்கவில்லை. “தேளுக்குப் புருஷனத் தேடினோம். இருபத்திரண்டு தாய் இருக்கு. அப்பன் ஒண்ணுகூட இல்ல.”

ரென்சன் தலையில் கை வைத்தான். லெரோசி துடுப்பை மணலில் ஊன்றினாள்.

“நீ ஒழுங்காத் தேடியிருக்க மாட்ட. எங்க, காட்டு.”

ஒரு கால் தண்ணீரில் இறங்கிவிட்டது. மறுகால் இன்னும் அப்பாவின் ஓடத்துக்குள். இதற்கு மேல் எழுதினால் நான் ஆசைப்பட்டதைத்தான் எழுதுவேன். அந்த மறுகாலை எங்கே வைப்பது என்று நீங்களே பாருங்கள்.